எண்பத்தெட்டைத் தாண்டாதீங்க, டீச்சர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். ஆண்டவரோடு சண்டை போட்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், இடி ஒன்றும் விழவில்லை.

டயர் கடைக்கு மேலே, எங்கள் கணக்கு டீச்சர் வீட்டு முன்னறையில், புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டம். ஆறு பேர், நானும் ஒருத்தி. வாரத்துக்கு வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், எண் வரிசையாக. நாற்காலி வரிசைப்படி ஆளுக்கொரு வசனம். வாசித்து, அந்த வசனம் சொல்வதையே சொந்த வார்த்தையில் ஜெபமாக்க வேண்டும்; வேறு எதையும் கலக்கக்கூடாது. ஊர்க்கதையை ஜெபத்தில் நுழைப்பவர்களுக்குக் கடிவாளமாக டீச்சரே போட்ட சட்டம் அது.

எங்களில் ஒருத்தி இஸ்திரிக்காரி. அவள் தேய்ப்பாள்; புருஷன் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. "எழுந்திடுவார், விசுவாசத்தோட இரு" என்று சொன்ன வாய்களே, அடக்கம் முடிந்ததும், "பரலோகத்துல சந்தோஷமா இருக்கார், அழாதே" என்று அவளை அடக்கின. அன்றிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை படியேறும்போது என் கையைப் பிடித்தாள். "அக்கா, வீட்ல முட்டி போட்டா பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுந்திடறேன். இன்னைக்கும் என் வாய் திறக்கலேன்னா விட்டுடப்போறேன். கூட்டத்தை மட்டுமில்ல, அவரையும்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு எண்பத்தொன்பதாம் சங்கீதம்."

"போன வாரம் எண்பத்தேழு, டீச்சர்," என்றாள் இஸ்திரிக்காரி.

"எண்பத்தெட்டு வேண்டாம்மா. முழுக்க இருட்டு. முடிவுலகூட வெளிச்சம் இல்ல. உன் மனசுக்கு ஆகாது."

"எனக்கு அதான் வேணும்."

ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் எங்களோடு உண்டு. அவர் ஜெபித்தால் கீழே டயர் கடைக்கே கேட்கும். அதனால் எல்லோருக்கும் ஹாரன் மாமா. அவர் செருமினார். "ஆயுசு பூரா கணக்கு சொல்லிக் கொடுத்தவங்க நீங்க. எண்பத்தேழுக்கு அப்புறம் என்ன வரும்னு நானா சொல்லணும்?"

"நீங்க சும்மா இருங்க. ஆண்டவர் மேல குறை சொல்லவா கூடியிருக்கோம்?"

"குறையை வேதத்துலேயே எழுதி வச்சிருக்கே!" என்றாள் இஸ்திரிக்காரி. "அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாமா?"

கீழே காற்றடிக்கும் மெஷின் உறுமியது. டீச்சர் விறைப்பாகப் பக்கத்தைப் பின்னுக்கு, எண்பத்தெட்டுக்கே, திருப்பினார்.

முதல் சுற்றில் எல்லோரும் பட்டும் படாமலும் ஜெபித்தோம். அவள் வசனத்தை வாசித்ததோடு சரி; உதடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் சுற்றில், செத்தவர்களுக்கா அற்புதம் செய்வீர் என்று கடவுளையே மடக்கிக் கேட்கிற வசனம் அவளுக்கு வந்தது. வாசித்தாள். எழுந்து நின்றாள். கண்ணை மூடவில்லை.

"ஆமா, ஆண்டவரே. செத்தவங்களுக்கா அதிசயம் பண்ணப்போறீர்? மூச்சு இருந்தப்போ பண்ணியிருக்கக்கூடாதா? பழக்கதோஷத்துல அவர் சட்டையையும் சேர்த்துத் தேய்ச்சு மடிக்கிறேன். யார் போடறது? நீர் போடுவீரா? நான் கத்தினது கேட்கலையா, கேட்டும் சும்மா இருந்தீரா? எனக்கு உம்மேலதான் கோபம். வேற யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

டீச்சர் அவசரமாகப் பாட்டெடுத்தார்.

"இன்னும் சுற்று முடியல, டீச்சர்," என்றார் ஹாரன் மாமா, அதிசயமாக மெதுவான குரலில்.

கடைசி வசனம் டீச்சருக்கே விழுந்தது. சிநேகிதர்கள் எல்லாம் விலகிப்போய், மிச்சம் இருட்டு மட்டும் என்கிற வசனம். வாசித்தார். "ஆனாலும் ஆண்டவரே, நீர் நல்லவர், உமக்கு ஸ்தோத்—"

"அது இந்த வசனத்துல இல்ல," என்றாள் இஸ்திரிக்காரி. "நீங்க போட்ட சட்டம்தான். கலக்கக்கூடாது."

டீச்சர் மறுபடி பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆண்டவரே... இவளுக்கு வேண்டியவங்க இவளைத் தனியா விட்டுட்டாங்க. அதுல நானும் ஒருத்தி. ரொம்ப இருட்டா இருக்கு."

அதற்குமேல் சங்கீதமும் இல்லை, அவரும் சேர்க்கவில்லை.

"ஆமென்!" என்றாள் இஸ்திரிக்காரி. ஜன்னல் அதிர்ந்தது.

அன்று பாட்டில்லாமலே கலைந்தோம். படியிறங்கும்போது கேட்டேன், "கோபம் தீர்ந்துச்சாடி?"

மூக்கைச் சிந்திக்கொண்டு முறைத்தாள். "எங்கக்கா தீரும்? பாதிகூடச் சொல்லல. மீதியை வீட்ல முட்டி போட்டு அவர்கிட்ட வச்சுக்கிறேன்."

போய்வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். அழ வேண்டிய நாளில் உங்கள் வாயைப் பொத்த ஒரு கையும் நீளாதிருக்கட்டும். பக்கத்தில் உட்கார மட்டும் யாராவது வரட்டும்.