அப்பா அறைக்கு இரண்டு நிறம்

அறையில் நாலு பேர் இருந்தோம். வீட்டுப் பிள்ளை சூன் கீட், அவன் கட்டிக்கொள்ளப் போகிற பூய் சீ, அவன் அக்கா யோக் லான், பெயிண்ட் அடிக்க வந்த நான். அந்த அறையில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த அவர்கள் அப்பா போன மாதம்தான் இறந்திருந்தார்.

மலேசியாவில், எங்கள் ஈப்போ சீனர் வீடுகளில் தகப்பன் இறந்தால் நூறு நாளுக்குள் பிள்ளையின் கல்யாணத்தை முடிக்க வேண்டும். தவறினால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். சூன் கீட்டுக்கு அவசரம். வீட்டில் இருந்த பெரிய அறை அது ஒன்றுதான். அப்பா கட்டிலை ஒட்டி மடக்குக் கட்டில் போட்டு யோக் லான் படுத்ததும் அங்கேதான். இப்போதும் அங்கேதான் படுக்கிறாள்.

சுவரில் இரண்டு கட்டம் அடித்துக் காட்டினேன். இளஞ்சிவப்பு தம்பி கேட்டது. அவர்களுக்குத் துக்க நிறமான நீலத்தில், வெளிர் நீலம் அக்கா கேட்டது. அவள் சட்டைக் கையில், இறந்த தகப்பனுக்காகப் பிள்ளைகள் அணியும் துக்கத் துணி குத்தியிருந்தது.

“நீலம்தான் நல்லா இருக்கு. கண்ணுக்குக் குளுமையா,” என்றாள்.

“அக்கா, இது கல்யாண ரூமா, சாவு வீடா?”

“ரெண்டும்தான்டா. உனக்குத்தான் மறந்துபோச்சு.”

கட்டில் கிடந்த இடத்தில், அப்பாவின் தலை எண்ணெய் ஊறிச் சுவர் கறுத்திருந்தது. அதன் மேல் அடித்த இளஞ்சிவப்பு காயக் காய, கறை எழும்பி வந்தது.

“என்னால இங்க படுக்க முடியாது, கீட்,” என்றாள் பூய் சீ.

“நீலம் அடிச்சா தெரியாது,” என்றாள் யோக் லான் சட்டென்று. நீலம் அடித்தால் அது கல்யாண அறை ஆகாது. அவள் அங்கேயே இருக்கலாம். எல்லோருக்கும் அது புரிந்தது.

“எண்ணெய்க் கறை, அக்கா. எந்தக் கலரும் நிக்காது. சுரண்டித்தான் எடுக்கணும்,” என்றேன்.

“அப்ப சுரண்டுய்யா,” என்றான் சூன் கீட்.

சுரண்டும் கரண்டியை எடுத்தேன். யோக் லான் பிடுங்கிக்கொண்டாள். “அவரு தலைய தினம் கழுவுனவ நான். நீ தொடாத.”

சிமெண்டு தெரியும்வரை சுரண்டினாள். தூளைக் கூட்டி அள்ளினாள். “தம்பி கேட்ட சிவப்பே அடி,” என்றாள்.

பெயிண்ட் காய்ந்ததும் புதுக் கட்டில் வந்தது. கல்யாணக் கட்டில் இருக்கிற இடத்தில் துக்கத் துணியோடு யாரும் நிற்கக் கூடாது. சூன் கீட் தன்னுடையதை முன்பே எடுத்துவிட்டான்.

“நீயும் கழட்டிடுக்கா. கழட்டிட்டு கல்யாணம் வரைக்கும் இங்கயே இரு.”

“உன் கல்யாணத்துக்காக எங்கப்பாவ கழட்ட மாட்டேன்.”

மடக்குக் கட்டிலைத் தூக்கினாள். பூய் சீ கை கொடுக்க வந்தாள்.

“வேணாம்மா. கல்யாணப் பொண்ணு இத தொடக்கூடாது.”

யோக் லான் கட்டிலோடு சமையலறைப் பக்கம் நகர்ந்ததும் சூன் கீட் கல்யாண அறைக் கதவைச் சாத்திப் பூட்டினான்.