கடைசி இரண்டெழுத்து

வெளிநாட்டில் வேன் ஓட்டும் வேலை என் கணவருக்கு உறுதியானபோது, அவருக்கு இருந்த ஒரே கவலை ஆங்கிலம். அதைக் கவலை என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவார். யாராவது வேகமாகப் பேசினால் மட்டும், முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்.

நிறுவனத்தின் விதியோ மிகத் தெளிவாக இருந்தது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். சரக்கை உரிய வேளையில் உரிய வாசலில் சேர்ப்பவரை நிரந்தர ஓட்டுநராக்குவார்கள். அவருக்கு மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். வழி தவறி அலைபவரைக் கிடங்கில் சுமை ஏற்ற அனுப்பிவிடுவார்கள். கிடங்குக்காரர்களுக்கு அந்த அனுமதி கிடையாது. ஆகவே, அவர் வழி தவறாமல் இருப்பதை நம்பித்தான் என் பயணமும் இருந்தது. நான் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். "அங்க வரப்போறவளுக்கு இங்க எதுக்கு வேல?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே அப்போது எனக்குத் தோன்றியது. விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்.

கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் அங்கே தண்டனை என்பதால், ஓட்டுநர்கள் சொந்தமாக ஒரு ஜி.பி.எஸ். கொண்டுவர வேண்டுமாம். எங்கள் வசதிக்கு ஏற்றது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் இருந்த மின்பொருள் கடையில், கடைக்காரர் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் துடைத்துக் காட்டினார்.

"நம்ம மேப் இதுல இருக்கு. அந்த நாட்டு மேப்பையும் மெமரி கார்டுல ஏத்தித் தரேன். குரல் மட்டும் இங்கிலீஷ்தான்."

"தமிழ்ல வராதாங்க?" என்றேன்.

"இந்த வெலைக்கு அது வாயத் தெறக்கறதே பெரிசும்மா." பிறகு ஏதோ யோசித்தவராய், "ஒண்ணு செய்யலாம். உள்ள இருக்கற குரலெல்லாம் சின்னச் சின்ன ஃபைல்தான். அதே பேர்ல நீங்க பேசி வெச்சிட்டா, அது உங்கள மாதிரியே பேசும்" என்றார்.

"வீட்லயும் இவ, வண்டியிலயும் இவளா?" என்றார் என் கணவர்.

"வீட்ல இருக்கறத ஆஃப் பண்ண முடியாது சார். இதுக்கு பட்டன் இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எதிரொலி விழக்கூடாது என்பதற்காக, துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பதிவு செய்தேன். 'திரும்பவும்' என்று சொல்லிப் பார்த்தேன். அரசாங்க அறிவிப்புப் போல இருந்தது. வீட்டில் பேசுவதுபோல 'திரும்புங்க' என்பதே பொருத்தமாகப் பட்டது. மணமான நாள் முதல் அவரை நான் ஒருமையில் அழைத்ததில்லை. மனத்துக்குள் திட்டும்போதுகூட மரியாதைப் பன்மையில்தான் திட்டுவேன். 'வலது பக்கம் திரும்புங்க', 'இடது பக்கம் திரும்புங்க', 'நேராப் போங்க'. பாதை தவறினால் ஒலிப்பதற்கு, 'வழி மாறிட்டீங்க' என்று சற்றுத் தணிந்த குரலில் பேசிவைத்தேன். கைபேசியில் கேட்டபோது எல்லாம் குறையின்றி ஒலித்தன. கடைக்காரர் அவற்றைக் கருவியில் ஏற்றித் தந்தார். அதில் ஓட்டிக் கேட்கத்தான் அவகாசம் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் அதை எடுத்துக்கொண்டு, ஒத்திகை பார்க்கலாம் என்று தம் அண்ணனின் காரில் பொருத்திவிட்டார்.

அவர் ஓட்ட, அவருடைய அண்ணன் பக்கத்தில் அமர்ந்தார். ஓரகத்தியும் நானும் பின்னால். ரயில் நிலையத்தைக் குறித்துவிட்டுப் புறப்பட்டோம். சந்தைத் தெரு முனையில் என் குரல் முதன்முறையாக ஒலித்தது.

"வலது பக்கம் திரும்பு."

கடைசி இரண்டெழுத்தைக் காணவில்லை.

"அடேங்கப்பா! திரும்புடா தம்பி, மேலிடத்து உத்தரவு" என்றார் அண்ணன்.

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, நமக்கும் இதுல ஒண்ணு வாங்குங்களேன். எனக்குத் தொண்டத்தண்ணி மிச்சம்" என்றாள்.

"நான் அப்படிப் பேசலைங்க, நெஜமா" என்று முன் இருக்கையின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். என் கணவரின் காது மடல்கள் சிவந்திருந்தன. அடுத்த முனையில், "இடது பக்கம் திரும்பு" என்றது கருவி. அவர் திரும்பவில்லை. வேண்டுமென்றே நேராக ஓட்டினார். கருவி ஒரு கணம் யோசித்தது.

"வழி மாறிட்டீ."

"'டீ'யாம்டா!" என்று அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்டாட்டி உன்ன 'டீ' போட்டாச்சு! இவ்ளோ நாளா வீட்டுக்குள்ள நடந்தது இப்பதான் ரோட்டுக்கு வந்திருக்கு!"

அவர் மேலும் நேராகவே போனார். அது மேலும் மேலும் அதையே சொன்னது. வண்டியை ஓரம் கட்டி, கருவியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கி, திரும்பிப் பாராமலே என் மடியில் போட்டார்.

அன்று பிற்பகலே கடைக்குச் சென்று விசாரித்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ, அதற்குமேல் வருவதை அந்த மலிவுக் கருவி வெட்டிவிடுமாம். நமது மரியாதை வாக்கியத்தின் வாலில் இருப்பதை அதைச் செய்தவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. வீடு திரும்பும் வழியிலேயே எனக்கு மாற்று வழி தோன்றிவிட்டது. 'வலது பக்கம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வினைச்சொல்லே இல்லாத இடத்தில் ஒருமை ஏது, பன்மை ஏது? 'வழி மாறிடுச்சு' என்றால் குற்றம் வழியுடையதாகிவிடும், யாரையும் சாராது.

மகிழ்ச்சியோடு அவரிடம் விளக்கினேன். அவர் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணன் ஆஃபீஸ் பூரா சொல்லிச் சிரிச்சாச்சு. இனிமே நீ ராகத்த மாத்தி என்ன ஆகப்போகுது?"

"அங்க வண்டிக்குள்ள யாருங்க கேக்கப்போறா? நீங்க மட்டும்தானே?"

"நான் கேட்டேன்ல. அது போதும்."

"இங்கிலீஷ்ல சொன்னா உங்களுக்கு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அந்த வாக்கியத்தை முடித்திருக்கலாமோ என்று இப்போது சில நேரம் நினைப்பதுண்டு. முடித்திருந்தாலும் பயன் விளைந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

மறுநாள் அவரே கடைக்குச் சென்று ஆங்கிலக் குரலைத் திரும்ப வைத்துக்கொண்டார். என் குரலை அழிக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றும், கார்டில் ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பதாகவும் கடைக்காரர் பிறகு என்னிடம் தெரிவித்தார்.

என் கணவர் போய்ச் சேர்ந்த புதிதில் தொலைபேசியில் உற்சாகமாகவே பேசினார். "ரவுண்டானால எந்தப் பக்கம் வெளிய போகணும்னு அது சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு சுத்து சுத்திடறேன். இலவசமா ஊர் பாக்கறேன்" என்று சிரிப்பார். பிறகு சிரிப்புக் குறைந்தது. சோதனைக் காலம் முடியும்முன்பே ஒரு நாள், "கெடங்குல போட்டுட்டாங்க. வழி தெரியாம இல்ல. அங்க ஆள் பத்தலயாம்" என்றார்.

பழைய பள்ளிக்குப் போய் நின்றேன். என் இடத்தில் வேறொருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?" என்று தலைமையாசிரியை அன்பாகவே கேட்டார். யாரேனும் விடுப்பு எடுத்தால் அழைப்பதாகச் சொன்னார்.

ஆறேழு மாதங்கள் கழித்து ஓர் இளம்பெண் ஒரு பை ஆப்பிளோடு என் வாசலில் வந்து நின்றாள். என் கணவர் ஓட்டிய வேனை, உள்ளே இருந்த கருவியோடு, இப்போது ஓட்டுபவரின் மனைவி. அவரை எல்லோரும் 'நெட்டை' என்பார்கள் என்று அவளே சொன்னாள்.

"உங்களப் பாத்துட்டுத்தான் ப்ளேன் ஏறணும்னு அவர் சொல்லிட்டாருக்கா. அவருக்கும் இங்கிலீஷ் ஓடாது. கார்ட நோண்டிப் பாத்தப்ப உங்க குரல் கெடச்சுதாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டதுக்கு, 'வெச்சுக்கோ, எனக்கென்ன'ன்னாராம். அதப் போட்டதுலேர்ந்து ஒரு பார்சல்கூட லேட் இல்லியாம். வேல நெலச்சுடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா அது கொஞ்சம் மரியாதக் கொறவா பேசுமே?"

"அதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு! 'எங்க அக்கா அதட்டற மாதிரியே இருக்கு, பயந்துகிட்டே கரெக்டா போயிடறேன்'னுவாரு. 'டீ'ன்னா மட்டும், 'இதோ வந்துட்டேன்டீ'ன்னு அதுக்குப் பதில் சொல்லுவாராம்."

அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். குளிருக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டாள். அதையெல்லாம் நான் முன்பே விசாரித்து வைத்திருந்ததால் விரிவாகச் சொல்ல முடிந்தது.

மாலையில் என் கணவர் அழைத்தபோது செய்தியைத் தெரிவித்தேன்.

"நெட்டையோட சம்சாரம் வந்திருந்தாங்க. அடுத்த வாரம் கெளம்பறாங்களாம்."

"ம்."

"அவரையும் அது 'டீ'ன்னுதான் கூப்பிடுதாம். அவர் சிரிச்சுக்கறாராம்."

"அவன் சிரிப்பான். அவன் என்ன உன் புருஷனா?"

கிடங்கில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது. "அடுத்த வருஷம் திரும்ப டெஸ்ட் வெப்பாங்க" என்றார். "பாப்போம். நீ பாட்டுக்கு எதையாவது பேசி அனுப்பிவெக்காத."

அனுப்பமாட்டேன் என்று உறுதி கூறினேன். மாலை நேரங்களில் வீடுகளுக்குச் சென்று பாடம் சொல்லித்தரலாம் என்று எண்ணியிருப்பதால், இனி நாள்தோறும் அழைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்தால் போதும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொண்டேன். அவர் சற்றும் யோசிக்காமல், அதுவும் நல்லதுதான் என்றார்.