வெயிலில் மூழ்கிய பொட்டு

“சத்தியம் பண்ணா இன்னாய்யா கொறஞ்சிடப் போவுது உனக்கு—”

“நான் ஏண்டி பண்ணணும்? எடுத்தவன் பண்ணட்டும்—”

“எடுத்தவன் யாருன்னுதானே ஊரே கேக்குது, நீ இங்க சோத்தப் பெசஞ்சிக்கினு—”

“எடுத்தவன்னு ஒருத்தன் இருந்தாத்தானே! பட்டை அத்தனையும் தொட்டிலதான் கீது. என் நாக்கு சொல்லுது.”

“உன் நாக்கு கீதுன்னு சொல்லுது. கண்ணாடி இல்லைன்னு சொல்லுது. நான் யாரு பேச்சக் கேக்கறது?”

கன்னியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தேவகி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“கண்ணாடிக்கு உன்மேல இன்னாய்யா பகை? அதுக்கு வாயா கீது, கையா கீது? அதுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு. முக்தார் பாய் மன்னிச்சிடுவாரு.”

அவன் பாதிச் சோறு இருக்கும்போதே தட்டிலே தண்ணீர் ஊற்றிக் கை கழுவினான். எழுந்து அடுப்பண்டை போய், குழம்புச் சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அப்புறம் சின்னக் குரலில் கேட்டான்.

“இதுல உப்பு கீதா தேவகி?”

“நீதானே சரியா கீதுன்னு சொன்ன.”

“நான் சொன்னது கெடக்கட்டும். நீ வாயில வெச்சி சொல்லு.”

“எனக்கு இன்னா தெரியும்? நான் என்னிக்கு ருசி பார்த்தேன்?” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் தன் குழம்பைத் தானே ருசி பார்த்ததில்லை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை அவன் உள்ளங்கையில் விட்டு, “உப்பு சரியா கீதா?” என்பாள். “ஒரு கல்லு கம்மி” என்பான். ஒரு கல் போடுவாள். அவ்வளவுதான் அவர்கள் வீட்டுச் சமையல்.

அந்த நாக்கை வைத்துத்தான் ஆம்பூரில் அவனுக்குப் பேர். பாலாற்றங்கரையில் முக்தார் அகமதுவின் தோல் ஷாப்புக்கு அவன் தொட்டி மேஸ்திரி. ஆவாரம்பட்டையை இடித்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றில் தோலை முக்கி வைப்பார்கள். சாறு நீர்த்துப்போனால் தோல் நடுவே பச்சையாக நின்றுவிடும். கெட்டிப்பட்டால் மேல்தோல் கறுத்து வெடிக்கும். கன்னியப்பன் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைப்பான், துப்புவான், “இன்னும் ரெண்டு கூடை கொட்டு” என்பான். இருபது வருஷமாக அவன் சொன்ன கூடைக் கணக்கில் ஒரு தோலும் கெட்டதில்லை.

போன தை மாசம் முதலாளி மகன் ரஃபி அகமது மதராஸிலிருந்து ஒரு கண்ணாடி வாங்கி வந்தான். மேலே மெல்லிசாகக் குச்சி, கீழே உப்பிய வயிறு, வயிற்றுக்குள்ளே ஈயக் குண்டு. சாற்றில் விட்டால் விழாமல் நட்டமாக நின்றது. ஷாப்பு ஆட்கள் எல்லாரும் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

“சாறு கெட்டியா இருந்தா இதைத் தூக்கிப் பிடிக்கும் மேஸ்திரி. நீர்த்துப்போனா தாங்காது, உள்ளே இறங்கிடும். உங்களுக்கு எந்தச் சாறு சரின்னு படுதோ அதை எடுத்துட்டு வாங்க” என்றான் ரஃபி.

பனி விலகாத காலை. கன்னியப்பன் நாலாவது தொட்டியில் மொண்டு வந்தான். கண்ணாடி நின்ற இடத்தில், தண்ணீருக்கு ஒரு நூலளவு மேலே, ரஃபி சிவப்பு அரக்கை உருக்கி ஒரு பொட்டு வைத்தான்.

“இனிமே இந்தப் பொட்டு வெளியே தெரிஞ்சா சரக்கு சரி. மூழ்கினா பட்டை குறையுதுன்னு அர்த்தம்.”

கன்னியப்பன் சிரித்தான். “நல்லா கீது சின்ன மொதலாளி. நான் செத்தாலும் ஷாப்புக்கு ஒரு நாக்கு கீது.”

தை, மாசி எல்லாம் பொட்டு வெளியேதான் நின்றது. பங்குனியில் ரஃபிக்கு ஊரில் வேறு வேலைகள் சேர்ந்துகொள்ள, மத்தியானத் தொழுகையும் சாப்பாடும் முடித்துத்தான் ஷாப்புக்கு வர முடிந்தது. வந்ததும் செப்புச் சட்டியில் சாறு மொள்ளச் சொல்வான். நுரை தளும்பும். நுரை அடங்கட்டும் என்று வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தோல்களைப் பார்ப்பான். திரும்பி வந்து கண்ணாடியை விடுவான். சித்திரை பிறந்ததும் பொட்டு மூழ்கியது. மறுநாளும் மூழ்கியது. பத்து நாள் விடாமல் மூழ்கியது. கன்னியப்பன் சொன்னபடி கூடை கூடையாகப் பட்டை தொட்டிக்குப் போகிறது, கண்ணாடியோ குறைகிறது என்கிறது. அப்படியானால் பட்டை எங்கே போகிறது? முதலில் காதுக்குள் பேசினார்கள், பிறகு கிணற்றடியில் பேசினார்கள்.

முக்தார் பாய் அவனைத் திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு, “உங்க சாமி முன்னால ஒரு சத்தியம் பண்ணிடு கன்னியப்பா. எனக்கு அது போதும், ஊர் வாயும் மூடிடும்” என்றார். அன்பாகத்தான் கேட்டார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வீட்டில் அந்தச் சண்டை நடந்த அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கெங்கையம்மன் கோயில் வாசலில் பூசாரி பச்சையப்பன் தரையில் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றினார். உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும், அதுதான் வழக்கம். தெருவே நின்றது. முக்தார் பாய் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்.

“அடிச்சி அணைச்சிட்டு வாப்பா, வேலையப் பாக்கலாம்” என்றார் பச்சையப்பன்.

கன்னியப்பன் குனிந்தான். எரிகிற கற்பூரத்தை விரலால் எடுத்தான். “கையி இன்னா பண்ணுச்சி பூசாரி? நாக்கு மேலதானே ப்ராது?” என்று சொல்லி அதை நாக்கில் வைத்துக்கொண்டான்.

கோயிலில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. வைத்த உடனே வாயை மூடிவிடுவார்கள், சுடர் அவிந்துவிடும். அவன் மூடவில்லை.

“வாய மூடுய்யா!” என்று தேவகி கத்தினாள். “மூடுய்யா! யாராவது மூடச் சொல்லுங்களேன்!”

“போதும்டா, போதும்டா!” என்று முக்தார் பாய் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். அதற்குள் கற்பூரம் தானாக எரிந்து முடிந்திருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அவன் பார்த்தது தேவகியை மட்டும்தான்.

அதற்குப் பிறகு யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லையே! மத்தியானமானால் பொட்டு மூழ்கியது. திருடவில்லை என்றால் மேஸ்திரிக்கு வயசாகிவிட்டது, நாக்கு முன்னைப் போல இல்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார்கள். தொட்டி, ஷாப்பில் இன்னொரு ஆளான ஆதிகேசவன் கைக்குப் போயிற்று. கன்னியப்பனுக்குக் காயப்போட்ட தோலைத் திருப்பிப் போடுகிற வேலை. ஆதிகேசவன் கொட்டுகிற பட்டைக்கு அளவே இல்லை, அப்படியும் வெயில் ஏறின நாளெல்லாம் பொட்டு மூழ்கத்தான் செய்தது. தோல்கள் கறுத்து, மடித்தால் வெடித்து வந்தன. கன்னியப்பன் கட்டை விரலால் அந்த வெடிப்பைத் தடவிப் பார்ப்பான். சொல்ல மாட்டான். யாரும் கேட்கவும் இல்லை.

நாக்குப் புண் ஆறிற்று. பேச்சு குழறியது, தேறியது. மற்றவர்களிடம் ரெண்டொரு வார்த்தை பேசினான். வீட்டில் பேச்சே இல்லை.

“கஞ்சி வெச்சிருக்கேன்.”

குடிப்பான்.

“உப்பு போட மறந்துட்டேன் போல கீது, வெறுங்கஞ்சியா குடிச்சிட்டியே. ஏன்யா சொல்லல?”

செம்பை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மத்தியானம் ரஃபி சாற்றில் கண்ணாடியை விட்டான், வழக்கம்போலப் பொட்டு மூழ்கியது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து ஆள் வந்தது, அவன் அம்மா நசீமுன்னிசாவுக்கு மயக்கம் என்று. சட்டியையும் கண்ணாடியையும் போட்டது போட்டபடி ஓடினான்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் தேவகி வாசல் பெருக்க வந்தாள். ஷாப்பில் பட்டை இடிப்பதும் பெருக்குவதும் அவள் வேலை. சட்டியைத் தாண்டிப் போனவள் நின்றாள். சிவப்புப் பொட்டு தண்ணீருக்கு மேலே இருந்தது. நூலளவு இல்லை, விரலளவு மேலே.

‘யாரோ பட்டைச் சாறு ஊத்திருக்காங்க’ என்றுதான் முதலில் நினைத்தாள். சுற்றிப் பார்த்தாள். தூசி மேல் ஒரு காலடி இல்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“இன்னா தேவகி, தவம் பண்றியா?” என்று கேட்டுக்கொண்டு போனாள் பட்டை இடிக்கிற சௌந்தரம்.

“நீ போ. சட்டியத் தொடாத.”

வெயில் சட்டியின் விளிம்புக்கு வந்தது. செம்பு பளபளத்தது. பொட்டு அரை விரல் இறங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை, கண்ணை எடுக்கவில்லை. நிழல் காலடிக்கு வந்தபோது தண்ணீர் பொட்டைத் தொட்டது. பொட்டு உள்ளே போயிற்று. யாரும் சட்டியண்டை வரவில்லை. யாரும் ஒரு சிட்டிகை பட்டை எடுக்கவில்லை. அவள் விரலைச் சாற்றில் வைத்தாள், சுட்டது.

அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

மத்தியானம் ரஃபி வந்தான். “அம்மாவுக்குத் தேவலையா சின்ன மொதலாளி?” என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு.

“கைய வுட்டுப் பாருங்க.”

“எதுல? இன்னாம்மா ஆச்சு உனக்கு?”

“இந்தச் சட்டியில. இது நேத்து நீங்க வெச்ச சாறு. காலையில பொட்டு இவ்ளோ மேல நின்னுச்சி. இப்ப பாருங்க.”

“காலையில யாராவது தொட்டிருப்பாங்க.”

“யாரும் தொடல. நான் எழுந்திருக்கவே இல்ல. நான் சொல்றதக் கேக்க வேணாம், சட்டியக் கிணத்துத் தொட்டியில வெச்சிப் பாருங்க.”

அவள் அழுத முகத்தைப் பார்த்துத்தான் அவன் சரி என்றான். கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த குளிர்ந்த தண்ணீரில் சட்டியை இறக்கி வைத்தார்கள். தண்ணீரை ரெண்டு தடவை மாற்றினார்கள். ரஃபி குந்தி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் பொட்டின் தலை தெரிந்தது. அப்புறம் முழுசாக வெளியே வந்து நின்றது.

அவன் எழுந்துபோய்க் கண்ணாடி வந்த பெட்டியை எடுத்துவந்தான். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டை இப்போதுதான் படித்தான். உதடு அசைந்தது. முகம் வெளிறியது.

“இன்னா போட்டிருக்குது?”

“இத்தனை சூட்டுலதான் பாக்கணும்னு போட்டிருக்கு. சூடு ஏறினா தண்ணி விரிஞ்சி லேசாயிடும்மா. லேசான தண்ணியால கண்ணாடியத் தாங்க முடியாது. இறங்கிடும்.”

“வெயில்ல வெச்ச எண்ணெய்ச் சட்டி ததும்பும், அந்த மாதிரியா? எண்ணெய் அதே எண்ணெய்தான்.”

“அதேதான்.”

“அப்ப பட்டை?”

“பட்டை அப்படியேதாம்மா இருந்துது. குறையவே இல்ல.”

முக்தார் பாய் தானே காயப்போடும் களத்துக்குப் போய்க் கன்னியப்பன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ரஃபி தலை குனிந்து, “தப்பு என்னுதுதான் மேஸ்திரி. கண்ணாடிய எடுத்து வெச்சிட்டேன். இனிமே நீங்க சொல்றதுதான்” என்றான். ஆதிகேசவன் நாலாவது தொட்டியிலிருந்து ஒதுங்கி வழி விட்டான். சௌந்தரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாரு மேஸ்திரி, நீயே பாத்து சொல்லு” என்றாள். எல்லார் முகத்திலும் ஒரு சந்தோஷம்.

கன்னியப்பன் குனிந்து விரலைச் சாற்றில் தோய்த்தான். நாக்கில் வைத்தான். வழக்கமாக உடனே துப்புவான். துப்பவில்லை. மறுபடி தோய்த்தான், இந்தத் தடவை ரெண்டு விரல். ஆவாரம்பட்டைச் சாறு, யார் வாயில் பட்டாலும் முகத்தைச் சுளிக்க வைக்கும். அவன் முகம் அசையவே இல்லை.

“எத்தனை கூடை கன்னியப்பா?” என்றார் முக்தார் பாய், சிரித்துக்கொண்டே.

அவன் விரலை வேட்டியில் துடைத்தான். “ஆதிகேசவனையே கேளுங்க பாய்” என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெயிலில் நடந்தான். அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. தேவகிக்கு முன்னாடியே தெரியும், வெறுங்கஞ்சி குடித்த நாளிலிருந்தே தெரியும்.

சாயங்காலம் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“நான் கேட்டிருக்கக் கூடாதுய்யா” என்றாள் அடுப்பைப் பார்த்தபடியே. “ஊரு கேக்கட்டும், பாய் கேக்கட்டும், நான் கேட்டிருக்கக் கூடாது. அன்னிக்கு நீ உப்பு கீதான்னு கேட்டப்போ ஒரு சொட்டு வாயில வெச்சி, சரியா கீதுய்யா, உன் நாக்குல ஒண்ணும் கொறை இல்லன்னு சொல்லிருந்தா, நீ கையால அடிச்சி அணைச்சிட்டு வந்திருப்ப.”

அவன் விட்டத்தைப் பார்த்தான்.

“திட்டிடுய்யா. அடிக்கணும்னா அடி. இப்படி ஒக்காந்திருக்காத.”

குழம்பு கொதித்தது. அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரே குந்தினாள். பழக்கத்தில் அவன் கை தானாக நீண்டது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். அவன் அதை நாக்கில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான், கோயில் வாசலில் பார்த்த அதே பார்வை.

“உப்பு சரியா கீதா, சொல்லுய்யா?”