குல்லோடன் போர்வையின் ஊதாக் கோடு

எங்கள் மலையூர் கிளென் ஓராலில், கில்ட் என்கிற கட்டம்போட்ட ஆண்கள் பாவாடையைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குகிற எந்த ஆணும் முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பான். வண்டி வருகிறதா என்று அல்ல, ஹெக்டர் கிலாண்டர்ஸ் வருகிறாரா என்று.

முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இன்வர்னெஸ் கடைகளில் தராசுகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் ஹெக்டர். தராசு கையை விட்டுப் போனதும் டார்ட்டனை, அதாவது குலத்துக்கு ஒரு கட்டம் என்று சொல்லி விற்கிற கம்பளித் துணியை, பிடித்துக்கொண்டார். எவனாவது மாப்பிள்ளைத் தோழனாகக் கிளம்பி நிற்பான். இவர் அவன் இடுப்பில் கட்டங்களை எண்ணுவார்.

"ஏம்ப்பா, இது உங்க குலத்துக் கட்டம்னு யார் சொன்னா?"

"எங்கப்பா கட்டினது சார்."

"உங்கப்பாவுக்குக் கடைக்காரன் சொன்னான். கடைக்காரனுக்கு மில்காரன் சொன்னான். மில்காரன் முதல்ல நம்பர் போட்டு வித்தான், போகலைன்னதும் நம்பரை அடிச்சிட்டு உங்க குலத்துப் பேரை எழுதினான். சரி, சந்தோஷமா போயிட்டு வா."

இதில் கொடுமை என்னவென்றால் அவர் சொல்வது அத்தனையும் உண்மை. பொய் சொல்கிறவன் என்றால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

அவருடைய உண்மையான வேட்டை தொலைக்காட்சியில்தான். சரித்திரத் தொடர் எது வந்தாலும் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் பேனா ஆடுவது தெரியும். எடின்பரோவில் டார்ட்டன் ஆராய்ச்சிக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் இதழில் 'பிழைப் பட்டியல்' என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிவந்தார். 1745 கலகத்தின்போது மடிப்புத் தைத்த கில்ட் ஏது, அன்றைக்கு ஐந்து கஜப் போர்வையை அப்படியே இடுப்பில் சுற்றி வார்ப்பட்டை கட்டினார்கள். ஒரு குலம் முழுக்க ஒரே கட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்பது எப்படி, அன்றைக்கு ஒரே ஆள் மேல் மூன்று நான்கு விதக் கட்டம் இருக்கும், யார் எந்தப் பக்கம் என்பதே தொப்பியில் செருகிய வெள்ளை நாடாவைப் பார்த்துத்தான் தெரியும். இப்படிப் போகும் பட்டியல். கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான். 'வரலாற்று ஆலோசகர்: இன்னார். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.'

ஸ்டர்லிங் பக்கம் ஒரு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொடர்களுக்கு ஆலோசனை சொன்ன ரோவெனா கார்டைன் என்கிற பெண்மணியின் பெயரை மூன்று இதழ்களில் தொடர்ந்து குறித்துக்கொள்ளச் சொன்னார். அவள் வேலையை விட்டுவிட்டு ஆர்க்னித் தீவில் தேன் விற்கப் போய்விட்டாள். இந்தக் கதையை ஹெக்டரே எங்களுக்குச் சொல்வார், தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டு.

இனி மர்டீனா மாத்தசன். எனக்கு அடுத்த வீடு. விருந்தினருக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறவள். அவள் வீட்டில் கணப்புக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு போர்வைத் துண்டு தொங்கும். அந்தக் கலகத்தின் கடைசிச் சண்டையான குல்லோடன் போரில் வெட்டுப்பட்ட அவள் முப்பாட்டனை அதில் சுற்றித்தான் தூக்கிவந்தார்கள் என்பது குடும்பத்துப் பேச்சு. அதில் பழுப்பாக ஒரு கறையும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பெண் எவளுக்குக் கல்யாணம் என்றாலும் சட்டத்தைத் திறந்து, துணியை எடுத்து, மணப்பெண் தோளில் போடுவார்கள்.

மர்டீனாவின் மகள் ஈலித்தின் கல்யாணத்திலும் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெர்த் நகரத்துக்காரர்கள், கொஞ்சம் மூக்கு உயர்ந்தவர்கள். மாமியார்க்காரி அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். ஹெக்டர் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கல்யாணத்துக்குப் பூதக்கண்ணாடி கொண்டுவருகிற மனிதர்.

"மர்டீனா, உங்க முப்பாட்டன் எப்ப செத்தார்?"

"உங்களுக்குத் தெரியாததா? குல்லோடன்ல. நாப்பத்தாறுல."

"ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தாறு. இந்த ஊதாக் கோடு நிலக்கரித் தாரிலேர்ந்து எடுத்த சாயம். இந்தச் சாயமே ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தாறுலதான் பொறந்தது. அப்ப நூத்திப் பத்து வருஷம் அவரை வெறும் உடம்போடயா போட்டு வெச்சிருந்தீங்க?"

மாப்பிள்ளை வீட்டு மேசையில் ஒருவன் சிரித்தான். பிறகு அந்த மேசை முழுவதும் சிரித்தது. மாமியார் துணியிலிருந்து கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கறை?" என்று ஈலித் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம், பாவம்.

"டீயா இருக்கும்மா," என்றார் ஹெக்டர், ரொம்ப அன்பாக.

விருந்து முடிந்ததும் மர்டீனா வீட்டுக்கு வந்தாள். துணியை மடித்து, சட்டத்துக்குள் வைத்து, திரும்ப மாட்டினாள். அதன் பிறகு நான்கு வருடம் ஹெக்டருக்குக் காலை வணக்கம் சொல்லத் தவறியதும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிறகு படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள். 1745 கலகத்தைப் பற்றி எட்டு வாரத் தொடர். எங்கள் ஊர்ச் சமூகக்கூடத்தை உடை அறையாக்கினார்கள், எனக்கும் அங்கே இஸ்திரி போடுகிற வேலை கிடைத்தது. உடைகளுக்குப் பொறுப்பு பிலிப்பா என்கிற லண்டன் பெண். தங்கியது மர்டீனா வீட்டில்.

ஹெக்டர் மூன்று கோப்புகளோடு முதல் நாளே வந்து நின்றார். வருடக்கணக்கில் வெளியே நின்று கல் எறிந்தவருக்கு உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று ஒரு ஏக்கம் இருந்திருக்கிறது. அவர் சம்பளம் கேட்கவில்லை. தொடர் முடிந்து ஓடுகிற எழுத்துகளில் தன் பெயர் வரவேண்டும் என்று மட்டும் கேட்டார். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும். என்னிடமே சொன்னார்: "இஷ்பெல், ஒரே ஒரு தடவை சரியா செஞ்ச தொடர் ஒண்ணு வரணும். அதுல என் பேர் இருக்கணும். அப்புறம் கட்டை சாஞ்சாலும் கவலையில்ல."

அடுத்த வாரம் ஜாம் காய்ச்சும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மர்டீனா வீட்டுக்குப் போனேன். பிலிப்பா ஓட்ஸ் கஞ்சி முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஆளு சொல்றபடி துணி போட்டா ஹீரோ உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருப்பான். குலத்துக்கு ஒரு கலர் இருந்தாத்தானே பாக்கிறவங்களுக்கு யார் யாரை வெட்டுறான்னு புரியும்? ஆனா மறுத்தா பத்திரிகைக்கு எழுதிடுவாரோன்னு பயமா இருக்கு."

மர்டீனா அவள் கிண்ணத்தில் பாலேடு ஊற்றினாள். "அவர் என்ன கேக்கிறார் கண்ணு? பேர்தானே? குடுத்துடேன்."

"பேரா?"

"பேரைக் குடு. அவர் பேச்சைக் கேக்கணும்னு யார் சொன்னா? எழுதி வாங்கிக்கோ, எட்டு வாரமும் அவர் பேர் வரும்னு. அப்புறம் அவர் யாருக்கு எழுதுவார்? தன்னைத் திட்டித் தானே எழுதுவாரா?"

பிலிப்பா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் பார்வை கணப்புக்கு மேலே போனது. "அந்தத் துணி ரொம்ப அழகா இருக்கே. பழசா?"

"ஹீரோவுக்கு அதே மாதிரி நெய்ய வெச்சுக்கோ," என்றாள் மர்டீனா. "ஒண்ணே ஒண்ணு. அந்த ஊதா மட்டும் மங்கிடக் கூடாது."

நான் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, எந்த வேலையும் இல்லாமல் இன்னும் ஒரு கோப்பை தேநீர் குடித்தேன். இந்த மாதிரி இடத்திலிருந்து எழுந்து போக எனக்குத் தெரியாது.

ஹெக்டர் கையெழுத்துப் போட்டார். 'வரலாற்று ஆலோசகர் என்று இவரது பெயர் எல்லாப் பகுதிகளிலும் இடம்பெறும், எக்காரணம் கொண்டும் நீக்கப்படாது' என்று இருந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி, மைப்பேனாவால் போட்டார். நீக்கப்படாது என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு பதினோரு முறை கூடத்துக்கு வந்தார். பிலிப்பா தலையாட்டித் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். குதிரைப் படங்களும் ஒரு ஷாம்பூவின் பெயரும் இருந்தன. படமெடுத்த பள்ளத்தாக்குக்குள் அவரை விடவில்லை. பாதுகாப்பு விதி என்றார்கள்.

அவர் ஒரு போர்வையும் செய்து கொடுத்திருந்தார். பழைய முறைப்படி, பாறையில் சுரண்டிய பாசியிலும் அவுரியிலும் நாட்பட்ட மூத்திரத்திலும் சாயம் ஏற்றியது. அந்த மூத்திரத்துக்கு யார் யார் உதவினார்கள் என்பதும் எனக்குத் தெரியும், தபால்காரரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு மழைநாளில் ஹெக்டர் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"நீ உள்ள போய் வர்றியே இஷ்பெல், என் போர்வை அங்க இருக்கா? யாருக்காவது போட்டாங்களா?"

இருந்தது. கதாநாயகியின் நாய்க்குட்டி அதில்தான் படுத்திருந்தது. நாய்க்கு அந்த வாசனை மிகவும் பிடித்துவிட்டது.

"பத்திரமா இருக்கு ஹெக்டர். மெத்துமெத்துனு மடிச்சு வெச்சிருக்காங்க. அதை விட்டு நகர மாட்டேங்கிறாங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சண்டை போட்டுப் பெயரை எடுக்கச் சொல்லியிருப்பார், அப்போது அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் என் தம்பி கல்யாணத்தில் அவன் கில்ட்டைத் தூக்கி உள்தையலைப் பார்த்தவர் இவர். நான் இஸ்திரி போடப் போய்விட்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிறு மாலை முதல் பகுதி வந்தது. ஊரே சமூகக்கூடத்தில் கூடியது. வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்ததால் திரைச்சீலைகளை இழுத்து ஊசி குத்தினோம். ஹெக்டர் முன்வரிசை நடுவில், நாயிடமிருந்து மீண்டுவந்த அதே போர்வையை ஐந்து கஜமும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

முதல் காட்சியிலேயே மலைமேல் நாற்பது பேர் வந்து நின்றார்கள். நாற்பது பேருக்கும் ஒரே பச்சைக் கட்டம், தையல் மடிப்பு கில்ட். எதிர்ப்பக்கம் நாற்பது பேர், ஒரே சிவப்பு. ஹெக்டர் சிரித்தார். "இது கனவுக் காட்சியா இருக்கும்," என்றார் பக்கத்து வெற்று நாற்காலியிடம்.

கனவு முடியவில்லை. கதாநாயகன் வந்தான். தோளில் மர்டீனா வீட்டுக் கட்டம். கல்யாணத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு அகலமாக, கண்ணைக் குத்துகிற ஊதாக் கோடு. அவன் குதிரை ஏறினான், முத்தமிட்டான், வெட்டினான், எல்லாவற்றிலும் ஊதா. ஹெக்டர் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார். பிறகு அசையவே இல்லை.

எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. பின்னணியில் காற்றில் ஆடுகிற அந்தப் போர்வை. அதன் ஊதாக் கோட்டின் மேலேயே, வெள்ளையாக, தனியாக: 'வரலாற்று ஆலோசகர்: ஹெக்டர் கிலாண்டர்ஸ்.'

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினோம்.

அவர் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். "நான் இதெல்லாம் சொல்லல. உங்களுக்குத் தெரியும். ஒண்ணுகூட நான் சொன்னதில்ல."

"தெரியும் ஹெக்டர்," என்றாள் மர்டீனா, மூன்றாம் வரிசையிலிருந்து, ரொம்ப அன்பாக. "ஆனா பேரைக் குறிச்சுக்கிட்டோம்."

அவர் மர்டீனாவைப் பார்த்தார், எழுத்துகள் ஓடிய சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெத்துமெத்துனு," என்றார் மெல்ல. நான் தேநீர் எடுத்துவரப் போனேன்.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் கையெழுத்திட்ட தாளின் நகல் வந்தது, திருத்திய காற்புள்ளியோடு. எட்டு ஞாயிறும் பெயர் ஓடியது. எடின்பரோ சங்கம் 'பிழைப் பட்டியல்' பகுதியை அவரிடமிருந்து பிடுங்கி ஆர்க்னியில் தேன் விற்கிற ரோவெனா கார்டைனிடம் கொடுத்தது. அவள் நான்கு பக்கம் எழுதினாள். எல்லாம் சரி, எல்லாம் ஹெக்டர் இருபத்திரண்டு வருடமாகச் சொன்னதுதான். கடைசி வரியைக்கூட அவள் மாற்றவில்லை.

இதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஊதாப் போர்வை வேண்டும் என்று பார்வையாளர்கள் கேட்க, ஒரு மில் நெய்ய ஆரம்பித்தது. முதலில் வெறும் நம்பர் போட்டு விற்றார்கள், போகவில்லை. வரலாற்று ஆலோசகரின் பெயரைச் சேர்த்தால் நம்பிக்கை வரும் என்று எவனுக்கோ தோன்றியிருக்கிறது. இப்போது அதற்குப் பெயர் 'கிலாண்டர்ஸ் கட்டம்'. டார்ட்டன்களுக்கான அரசுப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டார்கள். இனி யார் நினைத்தாலும் அழிக்க முடியாது.

போன மாதம் மர்டீனாவின் பேத்தியை ஞானஸ்நானத்துக்காகத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தாள் ஈலித். பெர்த் மாமியாரும் வந்திருந்தாள், தோளில் புத்தம் புது கிலாண்டர்ஸ் கட்டம் போட்டுக்கொண்டு. குழந்தையைச் சுற்றியிருந்தது சட்டத்திலிருந்து எடுத்த பழைய துணி. மாமியார் அதைத் தொட்டுத் தொட்டு, "இது இப்ப டிவியிலயே வந்துடுச்சில்ல, அப்ப உண்மையாத்தான் இருக்கும்," என்றாள். இந்த முறை கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

நானும் ஒரு கிலாண்டர்ஸ் போர்வை வாங்கியிருந்தேன். எங்கள் தேவாலயத்தில் யாருக்கு எந்த இருக்கை என்பது தாத்தா காலத்தில் முடிவானது, எனக்கு ஹெக்டருக்கு நேர் முன்னால். சங்கீதம் பாட எழுந்தபோது போர்வையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன், ஊதாக் கோடு சரியாக அவர் கண்ணுக்கு நேரே வருகிற மாதிரி. பின்னாலிருந்து குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து, கதவோரம் வெளியூர்க்காரர்கள் உட்காருகிற பலகையில் போய் உட்கார்ந்திருந்தார், தனியாக, அந்த நாற்றமடிக்கிற சரியான போர்வையில்.

மர்டீனா என் தோளைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா கனமா இருக்குடி இஷ்பெல். குளிருக்குத் தாங்கும்."