தன்னைத் தானே மேற்பார்வை பார்த்த டாக்டர்

மயக்கத்தில் கிடக்கும் மனித உயிரின் மேல் ஒரு மருத்துவரின் விழித்த கண் இருந்தே தீர வேண்டும். எங்கள் அமெரிக்க மாநிலத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் மாவட்ட மருத்துவமனையில் அந்தக் கண் டாக்டர் ஆஸ்ட்ராண்டருடையது. எழுபத்தொரு வயதுக் குடும்ப மருத்துவர். மயக்க மருந்தைக் கடைசியாகத் தொட்டு நாற்பது வருடம் ஆகிறது. இருபத்திரண்டு வருடமாக மயக்கம் கொடுப்பவள் டார்லா கோவாரிக் என்ற நர்ஸ். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார். சட்டத்துக்கு அது போதும்.

"டாக்டர் இல்லாத நர்ஸ், விமானி இல்லாத விமானம்" என்று தலைநகரில் முழங்கி, இந்தச் சட்டத்தை நீக்கவிடாமல் காப்பாற்றியவரும் அவரே.

பிப்ரவரியில் பனிப்புயல் சாலையை அடைத்த அன்று, குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு அவரே அறுவை மேசைக்கு வந்தார். அறுவை செய்பவரே மயக்கத்தையும் மேற்பார்வை பார்க்கக் கூடாது என்பது விதி. வேறு டாக்டர் நூற்றிருபது மைலுக்கு அப்பால்.

"கையெழுத்து யாரு போடறது, டாக்டர்?" என்றாள் டார்லா.

"கொண்டா, நானே போடறேன்."

"உங்களுக்கு நீங்களேவா?"

"நான் டாக்டர்தானே? செத்துட்டா அதுவும் போட முடியாது. சீக்கிரம்!"

போட்டார். பத்துவரை எண்ணச் சொன்னாள். நாலில் மேற்பார்வை முடிந்தது. கருவிகள் எடுத்துக் கொடுத்தவன் நான். ஆள் பிழைத்துக்கொண்டார்.

அந்தப் படிவம் யார் கண்ணிலாவது படுமுன் முந்திக்கொள்ள வேண்டாமா? டாக்டரே செவிலியர் வாரியத்தில் புகார் கொடுத்தார்: மேற்பார்வை இல்லாமல் மயக்கம் கொடுத்தாள். டார்லாவின் உரிமம் விசாரணைக்கு வந்தது.

"பத்து நாற்பது மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கு. மேற்பார்வையாளரக் கேட்டீங்களா?" என்றார் வாரியத் தலைவர் திருமதி பிங்கம்.

"அவரு வாயில குழாய் இருந்துச்சு, மேடம்."

"அப்போ கேக்கவே இல்ல?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதற்காகத் தண்டித்தால் ஊரே சிரிக்கும் என்று வாரியத்தின் வக்கீலுக்குப் புரிந்தது. வேறு வழி பார்த்தார்.

"அன்னிக்கு நடந்ததெல்லாம் பதிவுல எழுதினீங்களா? சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"ஒண்ணத் தவிர."

"என்ன அது?"

டார்லா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார்.

"நோயாளியோட மானம் சார் அது. சொல்ல மாட்டேன்."

பதிவு முழுமையற்றது என்று உரிமத்தை இரண்டு வருடம் முடக்கினார்கள். டாக்டர் எழுந்து வாரியத்துக்கு நன்றி சொன்னார்.

பதிவில் விடுபட்டது இதுதான்: மேசையிலேயே டாக்டர் மூத்திரம் போய்விட்டார். டார்லாதான் துடைத்துவிட்டாள்.