பிரிண்டர் ஓடினால் போதும்

வக்கீல் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் போட்டபடியேதான் வந்திருந்தது. வெளியாள் கம்ப்யூட்டர் எதுவும் உள்ளே எட்டிப் பார்க்காமல் தடுக்கும் காவல் அது. ஆனால் யார் வெளியாள், யார் வீட்டாள் என்று நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. அதனால் முன்னறைக் குமாஸ்தா அம்மாளையும் சேர்த்துத் தடுத்தது. பிரிண்டர் வக்கீல் மேஜையில் இருந்தது. அம்மாள் அனுப்பிய ஒரு தாளும் அதில் வரவில்லை. வக்கீல் காலையிலேயே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் மச்சினன் வந்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் முதல் வேலையாக ஃபயர்வாலை அணைப்பது அவன் வழக்கம். அணைத்துவிட்டால் அப்புறம் போன் வந்து உயிரை வாங்காது.

"இதெல்லாம் பேங்குக்குத்தான் மாமா. நமக்கு எதுக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. பிரிண்டர் ஓடணும்."

ஓடியது. கேஸ் ஃபோல்டரையும் பாஸ்வேர்டு இல்லாமல் அம்மாளுக்குத் திறந்துவிட்டுப் போனான். வந்து காத்திருப்பவர்களுக்காக வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார் வக்கீல். தாராள மனசு.

மத்தியானம் ஒரு விவாகரத்து வழக்கில் சமரசம் பேச எதிர்த்தரப்புக் கணவர் வந்தார். அடி பொறுக்காமல் பிள்ளைகளோடு வெளியேறிய மனைவி எங்கே இருக்கிறாள் என்பது இந்த ஆபீசுக்கு மட்டுமே தெரியும். அவர் உள்ளே போனில் இருந்ததால், கணவர் முன்னறை சோபாவில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார்.

தண்ணீர் கொண்டுபோன குமாஸ்தா அம்மாள், அந்த மனைவியின் விலாசத்தோடு தான் டைப் செய்த, இன்னும் கோர்ட்டில் கொடுக்காத மனு அவர் திரையில் இருப்பதைப் பார்த்தாள். ஓடிப்போய் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அவர் நிதானமாகத் தண்ணீரைக் குடித்தார்.

"ஸ்கூலுக்குப் பக்கத்துலயே வீடு பாத்திருக்கா. கெட்டிக்காரிதான்."

வக்கீலைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டார்.

அம்மாள் வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னாள். மச்சினனைத் திட்ட வாயெடுத்தவர், காலையில் தான் சொன்னது நினைவுக்கு வந்து அடங்கினார். வந்துபோனவரின் மனைவிக்குப் போன் போட்டார்.

"அம்மா, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே வேற எங்கயாவது போயிடுங்க. விலாசம் அவருக்குத் தெரிஞ்சு போச்சு. போலீசுக்கு நான் சொல்றேன்."

"உங்க ஒருத்தர்கிட்டதானே சார் சொன்னேன்?"

வக்கீல் பிரிண்டர் கதையைச் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை.

"இத்தன நாள் மூட்டையப் பிரிக்காமயே இருந்தோம் சார். இனிமே பயமில்லன்னு நேத்துதான் எல்லாத்தையும் எடுத்து அடுக்கினேன்."