முழு அளவுப் படம்

மனைவி சங்கவி இறந்து ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, அவள் எடுத்த படம் ஒன்றைக் கௌசிக் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அவள் பார்த்ததை இன்னும் நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான்.

அவளுடைய ஹார்ட் டிஸ்கில் பதினோராயிரம் படங்கள் இருந்தன. ஒரு வாரமாக அலுவலகம் விட்டு வந்து அவற்றைத்தான் கண் முன்னால் ஓடவிட்டுக்கொண்டிருந்தான். நீர்க்காகம், மீன்கொத்தி, மறுபடி நீர்க்காகம். போன வருஷம் மார்ச்சில் ஒரு மரப்பொந்தை மட்டும் இருநூறு தடவை எடுத்திருந்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறில் வெறும் பொந்து. மீதி நாலில் பொந்தின் வாயில் ஒரு வேட்டை ஆந்தை. மஞ்சள் கண், மார்பில் பழுப்புக் கோடுகள். படத்தில் அது சின்னதாகத்தான் இருந்தது; பாதிக்கு மேல் இலை. இன்னும் கொஞ்சம் கிட்டே போயிருக்கலாமே என்று தோன்றியது.

கூடோ பொந்தோ இருக்கும் இடத்தைக் குழுவில் சொல்லக் கூடாது என்பது விதி. அது அவனுக்கும் தெரியும். அதனால் ‘சங்கவி எடுத்தது’ என்று மட்டும் எழுதினான். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், மார்புக் கோடுகள் கலங்கிப்போகும். முழு அளவில், டாக்குமென்டாக அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் பாராட்டியிருந்தார்கள். அவன் நன்றாகத் தூங்கினான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஷியாமளாவின் போன். சங்கவியை முதன்முதலில் பறவை பார்க்கக் கூட்டிப்போனவள் அவள்தான்.

“கௌசிக், அந்தப் படத்தை ஏன்ப்பா டாக்குமென்டா போட்டே?”

“சுருக்கினா தெளிவு போயிடும்கா.”

“இடமும் அதுக்குள்ளயே இருக்கே! அவ கேமராவை போனோட இணைச்சு வச்சிருந்தா. ஒவ்வொரு படத்துலயும் எடுத்த இடம் பதிவாகும். தட்டினா மேப்ல புள்ளி வந்து நிக்குது. லேக்ல இப்பவே இருபது பேராம்.”

அவன் படத்தைத் திறந்து தட்டினான். புள்ளி வந்து நின்றது.

“போன வருஷம் நானும் அவளும் யார்கிட்டயும் மூச்சு விடலை. இந்த வருஷமும் அதே பொந்துல வந்து அடைகாக்குது. நான் பர்த்வான்ல இருக்கேன், வர சாயங்காலம் ஆயிடும். நீ போ. எப்படியாவது அவங்களைக் கிளப்பு.”

லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து ஏரிக்கு நடந்தே போனான். மேப் காட்டிய புள்ளி ஒரு டீக்கடையின் பக்கவாட்டில் இருந்தது. மரம் அங்கிருந்து நாற்பது அடி தள்ளி. சங்கவி இங்கேதான் நின்றிருக்கிறாள், இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்காமல். கூட்டமோ மரத்தடியிலேயே நின்றது. கேமரா முக்காலிகள், குழாய் மாதிரி லென்ஸ்கள்.

லேக் மார்க்கெட்டில் டிபன் கடை வைத்திருக்கும் பத்மநாபன் கை காட்டினார். “வாப்பா வா! உன் வீட்டுக்காரி புண்ணியத்துல எனக்கு இன்னிக்கு ஒரு லைஃபர்.” வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கும் பறவையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“சார், எல்லாரும் தள்ளிப் போயிடலாம். உள்ள முட்டை இருக்கு.”

“நல்லா இருக்கே! ஊரையே கூப்பிட்டுப் பந்தியில உக்கார வச்சுட்டு, இப்ப எழுந்திருங்கறே?”

“தெரியாம அனுப்பிட்டேன் சார்.”

“ரெண்டே ஷாட். அது தலையை நீட்டட்டும், நானே எல்லாரையும் கிளப்பிடறேன்.”

முன்னால் நின்ற வங்காளி இளைஞனிடம், “டிம் ஆசே, தாதா,” என்றான் கௌசிக். முட்டை இருக்கிறது. “ஜானி, ஜானி,” என்றான் அவன். தெரியும், தெரியும். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யாரோ செல்போனில் ஆண் ஆந்தையின் குரலை ஓடவிட்டார்கள். இரண்டு தடவை கூவியது. கௌசிக் “நிறுத்துங்க” என்று தமிழில் கத்தினான். மூன்றாவது கூவலில் பெட்டை பொந்தின் வாய்க்கு வந்தது. தகரத்தில் மழை விழுந்தது போலக் கேமராக்கள் சடசடத்தன. அது வெயிலில் ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, பறந்தது.

முதலில் ஒரு காகம். பிறகு ஆறு. பிறகு எண்ண முடியவில்லை. துரத்தித் துரத்திக் கொத்தின. ஆந்தை தண்ணீர்மேல் தாழ்ந்து, எதிர்க்கரை மரங்களுக்குள் போய் விழுந்ததா உட்கார்ந்ததா தெரியவில்லை. லென்ஸ்கள் அத்தனையும் அதன் பின்னாலேயே போயின.

“அட, என்ன ஷாட்டு!” என்றார் பத்மநாபன். பிறகு கௌசிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலியை மடக்கினார்.

கௌசிக் குழுவிலிருந்து படத்தை நீக்கினான். அதன் கீழே வந்த பாராட்டுகள் மட்டும் எதைப் பற்றி என்று இல்லாமல் நின்றன.

சாயங்காலம் ஷியாமளா டீக்கடைக்கு வந்தபோதும் அவன் அங்கேயே இருந்தான்.

“திரும்பலையா?”

“இல்லக்கா.”

“முட்டை ஆறியிருக்கும்.”

“திட்டுங்கக்கா.”

“திட்டி?” என்று கேட்டுவிட்டு அவனுக்கும் சேர்த்து டீ சொன்னாள்.

அதன்பிறகு தினமும் அலிப்பூர் அலுவலகத்துக்குப் போகும் முன் டீக்கடைப் பக்கம் வந்து நின்றான். எட்டு நாள் வெறும் பொந்து. ஒன்பதாம் நாள் ஒரு ஜோடி மைனா உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. ஒன்று எதையோ வெளியே தள்ளியது. கௌசிக் அந்த நாற்பது அடியை நடந்தான். வேர்களுக்கு நடுவே உடைந்த முட்டை கிடந்தது. ஓடு சுத்த வெள்ளை.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். “கிஷேர் டிம்?”

என்ன முட்டை என்று கேட்கிறார். கௌசிக் நிமிர்ந்து மரத்தைக் காட்டினான். “ஷாலிக்.” மைனா.

பெரியவர் தலையாட்டிவிட்டு நடந்தார். மைனாவின் முட்டை நீலமாக இருக்கும். அவருக்கு அது தெரியவில்லை.